மூன்று திரை, ஒரே அலாரம்: உங்கள் நெட்வொர்க்குக்கு எந்த மேலாண்மை அமைப்பு?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலையின் தனியார் 5ஜி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. இருபது சொச்சம் சிறு செல்கள் (குறைந்த தூரத்துக்குச் சிக்னல் தரும் சிறு ரேடியோ பெட்டிகள்), ஒரு கோர் (நெட்வொர்க்கின் மையப் பகுதி), எல்லாம் ஒரே கம்பெனி தயாரிப்பு. இன்னொருவர் என்னைவிட மூத்தவர். கட்டடங்களுக்குள் சிக்னல் கொடுக்கும் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். அவரிடம் ரேடியோ ஒரு கம்பெனி, ரவுட்டர் இன்னொரு கம்பெனி, ரெக்டிஃபையரும் (மின்சாரத்தைக் கருவிகளுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) பேட்டரியும் மூன்றாவது கம்பெனி. இருவரிடமும் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மேலாண்மை அமைப்பை விற்கும் விற்பனையாளர்கள் வந்து, "எல்லாம் ஒரே திரையில் தெரியும்" என்று சொல்லி, விலைப்பட்டியலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வாங்கலாமா, இருப்பதை வைத்தே ஓட்டலாமா, இல்லை ஜாபிக்ஸ் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் கண்காணிப்பு மென்பொருளை நாமே போட்டுக்கொள்ளலாமா?

நான் பதினான்கு வருடமாக நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் இருக்கிறேன். நாங்கள் அதை 'நாக்' என்போம். "நாக்கில் வேலை" என்று ஊரில் சொன்னால் சமையல்காரனா என்று கேட்கிறார்கள், அது வேறு கதை. பாதி வருடங்கள் இரவு ஷிஃப்ட். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தது. வாங்கும் துறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு மாதிரித் தெரியலாம்.

முதலில், உங்களிடம் இருப்பது எது?

பலர் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள். கடையில் எல்லாப் பெட்டிக்கும் 'என்எம்எஸ்' (நெட்வொர்க் மேலாண்மை அமைப்பு) என்றுதான் பெயர் ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது மூன்று வேறு சரக்குகள்.

ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் எம்.3010 என்ற பழைய பரிந்துரை ஒரு அடுக்கு முறையைச் சொல்கிறது. அடியில் கருவிகள். அதற்கு மேல் கருவி மேலாண்மை, இது இஎம்எஸ். அதற்கு மேல் நெட்வொர்க் மேலாண்மை, இது என்எம்எஸ். அதற்கும் மேல் சேவை, வணிகம். நடைமுறையில் மேலே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து ஓஎஸ்எஸ் (இயக்க ஆதரவு அமைப்பு) என்று சொல்லிவிடுகிறோம். செய்யும் வேலையை ஐந்தாகப் பிரிப்பார்கள்: பழுது, உள்ளமைவு, கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு. இந்த ஐந்தையும் ஒரே பெட்டி முழுதாகச் செய்து நான் பார்த்ததில்லை.

பெயரை விட்டுவிட்டு, திரைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்.

இதில் ஒரே கம்பெனியின் கருவிகள்தான் தெரிகின்றனவா? இங்கிருந்தே ஒரு செல்லைப் பூட்டித் திறக்க முடியுமா, பவரைக் குறைக்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது இஎம்எஸ். நோக்கியாவின் நெட்ஆக்ட், எரிக்சனின் ஈஎன்எம், ஹுவாவேயின் யூ2020 எல்லாம் இந்த வகை. ஹுவாவே இதன் பெயரை எம்2000, யூ2000, யூ2020, எம்ஏஇ என்று மாற்றிக்கொண்டே போனது. பழைய ஆட்கள் இன்றும் எம்2000 என்றுதான் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை நான்கு தனித்தனி அமைப்பு என்று நினைத்துக் குழம்புவார்கள்.

மூன்றாவது கேள்வி: அலாரம் இங்கே எங்கிருந்து வருகிறது? கருவியிலிருந்து நேராகவா, இன்னொரு அமைப்பிலிருந்தா? பல இஎம்எஸ்களிலிருந்து வாங்கி ஒன்றாகக் காட்டினால் அது குடை அமைப்பு. ஐபிஎம் 2006-இல் மைக்ரோமியூஸ் நிறுவனத்தோடு சேர்த்து வாங்கிய நெட்கூல் இதற்குப் பெயர்போன உதாரணம். அலாரமே இல்லாமல், யாருக்கு எந்த வேலை, எப்போது முடிந்தது என்று மட்டும் இருந்தால் அது டிக்கெட் அமைப்பு. ரெமிடி, சர்வீஸ்நவ் போன்றவை. டிக்கெட் அமைப்பை வைத்துக்கொண்டு "எங்களிடம் என்எம்எஸ் இருக்கிறது" என்று ஒரு மேலாளர் கூட்டத்தில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

துவாஸ் தம்பியை இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். விற்பனையாளர் புதிதாகக் காட்டியதில் பாதி வேலையைச் செய்யும் இஎம்எஸ், கருவிகளோடு சேர்ந்து ஏற்கெனவே வந்திருந்தது. ஒரு சர்வரில் யாரும் லாகின் செய்யாமல் கிடந்தது.

எதை வைத்து எடைபோடுவது

என் அளவுகோல் நான்கு. முதலாவதற்குத்தான் எடை அதிகம்.

ஒன்று, அதிகாலை மூன்று மணிச் சோதனை. அரைத் தூக்கத்தில் இருக்கும் ஒருவர் அலாரத்தைப் பார்த்ததிலிருந்து பழுதான பெட்டியின் பெயரையும் இடத்தையும் சரியாகச் சொல்வதற்கு எத்தனை திரை மாற வேண்டும்?

இரண்டு, நெட்வொர்க் விழும்போது இதுவும் சேர்ந்து விழுமா? 2022 ஜூலை 8-இல் கனடாவின் ராஜர்ஸ் நிறுவனத்தில் நடந்ததை இதற்காகவே படிக்க வேண்டும். ஒரு ரவுட்டரில் வழித்தட வடிகட்டி நீக்கப்பட்டது. வழித்தடத் தகவல் வெள்ளமாகப் பாய்ந்து கோர் மூச்சுத் திணறியது. 12 மில்லியனுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை போனது. அதைவிடக் கொடுமை, அவர்களின் மேலாண்மை நெட்வொர்க்கும் அதே ஐபி கோரை நம்பி இருந்தது. சரிசெய்ய வேண்டியவர்களாலேயே கருவிக்குள் நுழைய முடியவில்லை. எவ்வளவு அழகான திரை வாங்கினாலும், அதற்குப் போகும் கம்பி தனியாக இல்லாவிட்டால் அந்த நாளில் அது வெறும் டிவி.

மூன்று, பழுது இல்லாத பிரச்சினை தெரியுமா? தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் காவடிக் கூட்டம். வழியில் இருக்கும் எந்த செல்லும் பழுதாகாது, அலாரத் திரை பச்சையாகவே இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போகாது. அதைக் காட்டுவது செயல்திறன் கவுண்டர்கள், அதாவது எத்தனை இணைப்பு, எவ்வளவு டேட்டா என்று கருவி எண்ணிவைக்கும் கணக்குகள். பெரும்பாலான ரேடியோ கருவிகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றைக் கோப்பாக எழுதித் தருகின்றன. அந்தக் கோப்பை யார் வாங்கி, எங்கே படமாகப் போடுகிறார்கள் என்று கேளுங்கள்.

நான்கு, மூன்று வருடம் கழித்து இதை யார் பராமரிப்பார்? பணத்தையும் இதிலேயே அடக்கிவிடுகிறேன்; முதல் நாள் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்குதான்.

சிங்கப்பூரில் இதோடு இன்னொன்றும் உண்டு. தடங்கல் எப்போது தொடங்கியது, எப்போது தெரிந்தது, எப்போது முடிந்தது என்பதை தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையத்திடம் நிமிடக் கணக்கில் சொல்ல வேண்டிய நிலை எந்த ஆபரேட்டருக்கும் வரலாம். 2013 ஜனவரித் தடங்கலுக்காக எம்1 நிறுவனம் 1.5 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியும் (டாலர்), அதே ஆண்டு அக்டோபரில் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத் தீக்காக சிங்டெல் 6 மில்லியன் வெள்ளியும் அபராதம் கட்டின. தனியார் நெட்வொர்க்குக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனால் வாடிக்கையாளரும் அதே கணக்கைத்தான் கேட்பார்.

வழி 1: கம்பெனி தந்த இஎம்எஸ் மட்டும்

ஆழத்தில் இதை அடிக்க ஆளில்லை. கருவியைச் செய்தவனுக்குத்தான் அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரியும். எந்த போர்டு சூடாகிறது, எந்த ஃபைபரில் ஒளி குறைகிறது, எந்த மென்பொருள் பதிப்பு ஓடுகிறது எல்லாம் ஒரே இடத்தில். உள்ளமைவை மாற்றவும், ஐம்பது செல்லுக்கு ஒரே இரவில் மென்பொருள் ஏற்றவும் வேறு வழியே கிடையாது. மேலே என்ன வாங்கினாலும் இதைக் கழற்ற முடியாது என்பதை மனதில் வையுங்கள்.

குறை, இதற்கு அடுத்த வீடு தெரியாது. ரேடியோ இஎம்எஸ்ஸுக்கு ரவுட்டரும் மின்சாரமும் அந்நியர்கள். சைட் (கருவிகள் நிற்கும் இடம்) தொடர்பு அறுந்தது என்று மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது.

மறைந்திருக்கும் செலவு லைசென்ஸில். செல் எண்ணிக்கைக்கு, கூடுதல் வசதிக்கு, ஆண்டுச் சேவைக்கு என்று தனித்தனிக் கட்டணம் வரும். முக்கியமாக, இதிலிருந்து அலாரத்தை வெளியே கொடுக்கும் கதவு. அதை 'நார்த்பவுண்ட்' என்பார்கள். மொபைல் நெட்வொர்க் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி-யின் தரத்திலேயே அதற்கு இடம் உண்டு. தரத்தில் இருக்கிறது என்பதால் உங்கள் லைசென்ஸிலும் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆளைக் கவிழ்த்துவிடும்: நேர மண்டலம். சில இஎம்எஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கு அதிகாலை 3:10 என்றால் அங்கே முந்தைய நாள் 19:10. புதியவர் ஒருவர் "இது நேற்று சாயங்கால அலாரம் அண்ணே, பழசு" என்று ஒதுக்கிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வழி 2: எல்லாவற்றுக்கும் மேல் ஒரு குடை

இதன் தேவை ஏன் வருகிறது என்பதற்கு ஒரு இரவைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.

தோ பாயோவில் ஒரு அடுக்குமாடியின் மொட்டை மாடி சைட். இரவு 1:20-க்கு மின்சாரம் போனது. ரெக்டிஃபையர் தன் அமைப்பில் 'மெயின்ஸ் ஃபெயில்' என்று ஒரு மைனர் அலாரம் போட்டது. அந்தத் திரை மூலையில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. பேட்டரி தாக்குப்பிடித்தது, 3:10-க்குத் தீர்ந்தது. ரேடியோ திரையில் மூன்று திசை, ஆறு அலைவரிசை, மொத்தம் 18 செல்கள் சிவப்பாயின. டிரான்ஸ்மிஷன் திரையில் ஒரு லிங்க் டவுன். ஒரே சைட்டுக்கு ரேடியோவில் ஒரு குறியீடு, டிரான்ஸ்மிஷனில் தெருப் பெயர், மின்சார அமைப்பில் புளோக் எண். மூன்றும் ஒன்றுதான் என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. மூன்று டிக்கெட் போனது, மூன்று குழுவுக்கு. 4:30 வாக்கில் களத்திலிருந்து போன்: "அண்ணே, நாங்கள் மூன்று பேரும் ஒரே லிஃப்ட்டில் நிற்கிறோம். யாராவது ஒருவர்தான் மேலே போகணுமா, இல்லை மூன்று பேருமா?"

நல்ல குடை அமைப்பு இருந்திருந்தால் மின்சார அலாரத்தைத் தாயாகவும், மற்ற பத்தொன்பதையும் பிள்ளைகளாகவும் கட்டி, 1:20-க்கே ஒரு டிக்கெட் போட்டிருக்கும். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கையில் இருந்திருக்கும்.

இதில் 'நல்ல' என்ற சொல்லுக்குத்தான் விலை. குடையை வாங்கி வைத்தால் அது தானாக இப்படிக் கட்டாது. எந்தப் பெயரும் எந்தப் பெயரும் ஒரே சைட் என்ற பட்டியலை நீங்கள் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் யாரோ ஒருவரின் எக்செல்லில், ஆறு மாதம் பழசாக இருக்கும். ஒவ்வொரு கம்பெனி மென்பொருள் ஏற்றும்போதும் அலாரத்தின் சொற்கள் கொஞ்சம் மாறும். அன்றைக்கு உங்கள் விதி உடையும். உடைந்தது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வராத அலாரம் திரையில் தெரியாது. ஆகவே விதிகளைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும். இந்தச் சம்பளம் எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது.

இரண்டு கம்பெனி வரைக்கும் மனிதர் சமாளிப்பார். மூன்றாவது வரும்போது குடை வாங்குங்கள், ஆளோடு சேர்த்து. ஆள் இல்லை என்றால் குடையும் வேண்டாம்.

வழி 3: நாமே கட்டுவது

ஜாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ், புரோமிதியஸ், கிராஃபானா. மென்பொருளுக்குக் காசில்லை. ரவுட்டர், சுவிட்ச், சர்வர், யுபிஎஸ் போன்றவற்றுக்கு இவை அருமை. எஸ்என்எம்பி (கருவியின் நிலையைக் கேட்டறியும் பொது மொழி) பேசும் எதையும் லிப்ரெஎன்எம்எஸ் தானாகக் கண்டுபிடித்து ஒரு மத்தியானத்தில் வரைபடம் போட்டுத் தரும். மேலே சொன்ன ரெக்டிஃபையர் அலாரத்தைப் பிடிக்க இது தாராளமாகப் போதும்.

ரேடியோ பக்கம் போனால் கதை மாறும். பேஸ் ஸ்டேஷனின் ஆயிரக்கணக்கான கவுண்டர்களும் அலாரங்களும் கம்பெனியின் சொந்த வடிவத்தில், அவர்கள் இஎம்எஸ் வழியாகத்தான் முழுதாகக் கிடைக்கும். கோப்பைப் பிரித்து கிராஃபானாவில் காட்டலாம், நானே செய்திருக்கிறேன். ஆனால் 'அந்தக் கவுண்டருக்கு என்ன அர்த்தம்' என்று ஆவணத்தைப் புரட்டியே இரண்டு மாதம் போனது.

அப்புறம் டிராப் (கருவி தானாக அனுப்பும் அலாரச் செய்தி) தொலைவது. எஸ்என்எம்பி டிராப் யுடிபியில் வருகிறது; போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவனுக்குத் தெரியாது. 'சரியாகிவிட்டது' என்ற செய்தி வழியில் தொலைந்தால் அலாரம் திரையில் பேயாக நாள்கணக்கில் சிவந்திருக்கும். நான்காம் நாள் எல்லோரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிடுவார்கள். பிறகு உண்மையிலேயே அந்தப் பெட்டி விழும்போதும் பார்க்கமாட்டார்கள். டிராப்பை மட்டும் நம்பாமல், சில நிமிடத்துக்கு ஒருமுறை நாமே போய்க் கேட்டுவரும்படி வைப்பதுதான் வழி.

சான்றிதழ் (மென்பொருள்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் டிஜிட்டல் சான்று) காலாவதியைக் கவனிக்கவும் இவை நல்ல காவல்காரர்கள். 2018 டிசம்பர் 6-இல் எரிக்சனின் கோர் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2, ஜப்பானில் சாஃப்ட்பேங்க் உட்படப் பல நாடுகளில் டேட்டா நின்றது. அது மென்பொருளுக்குள் இருந்தது, வெளியிலிருந்து பார்க்கும் திரைக்குத் தெரிந்திருக்காது. உங்கள் சர்வர்களில் நீங்களே போட்ட சான்றிதழ்களின் தேதி தெரியும், அதையாவது பாருங்கள்.

மறைந்த செலவு ஒரே ஒரு ஆள். இதைக் கட்டியவர். அவர் வேறு வேலைக்குப் போன மறுமாதம் டிஸ்க் நிரம்பும். பாஸ்வேர்ட் அவர் பழைய லேப்டாப்பில் இருக்கும்.

வெளியே ஒப்படைத்துவிடலாமா என்றும் அந்த மூத்தவர் கேட்டார். இரவுக்கு ஆளே வைக்க முடியாதவர்களுக்குச் சரி. ஆனால் இஎம்எஸ்ஸில் பார்க்க மட்டுமாவது உங்களுக்கு ஒரு லாகினும், அலாரப் பதிவு உங்கள் சொத்து என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பிரியும்போது வரலாறும் அவர்களோடு போய்விடும்.

| | இஎம்எஸ் மட்டும் | குடை | நாமே கட்டுவது |
|---|---|---|---|
| மூன்று மணிச் சோதனை | ஒரு கம்பெனி என்றால் நன்று | சைட் பட்டியல் சரியாக இருந்தால் மிக நன்று | ரவுட்டர், மின்சாரத்துக்கு நன்று |
| கருவியை மாற்ற முடியுமா | முடியும் | பெரும்பாலும் பார்க்க மட்டும் | பார்க்க மட்டும் |
| நெரிசல் தெரியுமா | தெரியும், தன் கருவிகளில் | தனி மாட்யூல் வேண்டியிருக்கலாம் | கோப்பைப் பிரித்தால் |
| மறைந்த செலவு | லைசென்ஸ், நார்த்பவுண்ட் | விதிகளுக்கு ஒரு முழுநேர ஆள் | கட்டியவர் போனால் |
| எப்போது சரி | ஒரே கம்பெனி, சிறிய நெட்வொர்க் | மூன்று கம்பெனி முதல், 24 மணி நேர ஷிஃப்ட் | இஎம்எஸ் பார்க்காத மூலைகள் |

தனிக் கம்பி விஷயத்தை அட்டவணையில் போடவில்லை. அது எந்த வழியோடும் சேர்ந்து வருவதில்லை. தனியாகச் செலவழிக்க வேண்டும். சின்ன நெட்வொர்க் என்றால் வேறு ஆபரேட்டரின் சிம் போட்ட ஒரு ரவுட்டர்கூடப் போதும்.

இரண்டு பேருக்கும் சொன்னது

கட்டட வேலைக்காரருக்கு: மூன்று கம்பெனி இருப்பதால் குடை பொருந்தும்தான், ஆனால் இப்போது வாங்காதீர்கள் அண்ணே. முதலில் சைட் பெயர்களை ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு அமைப்பிலும் அதே குறியீடு இருக்கட்டும். ரெக்டிஃபையர்களையும் ரவுட்டர்களையும் லிப்ரெஎன்எம்எஸ்ஸில் போட்டு, அந்தத் திரையை மூலையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஆறு மாதத்தில் எத்தனை டிக்கெட் இரட்டையாகப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த இரட்டை வேலையின் செலவு ஒரு ஆளின் சம்பளத்தைத் தாண்டினால் குடைக்குப் போகலாம். பெயர்ப் பட்டியல் அப்போது தயாராக இருக்கும், அதுவே பாதி வேலை. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பெயர் மாற்றுவதைவிடப் பெட்டி வாங்குவதற்கு அனுமதி சுலபமாகக் கிடைக்குமாம்.

துவாஸ் தம்பிக்கு: எதுவும் வாங்க வேண்டாம். தூசி படிந்த அந்த சர்வரில் லாகின் செய், நேர மண்டலத்தைப் பார், கிரிட்டிக்கல் அலாரத்தை மட்டும் போனுக்கு அனுப்பு. அடுத்த வருடம் இன்னொரு கம்பெனி கருவி வந்தால் அலாரத்தை வெளியே எடுக்கக் கதவு வேண்டும். ஆகவே நார்த்பவுண்ட் லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் இப்போதே ஒப்பந்தத்தில் பார்த்துவை.

மறுநாள் ஒரு படம் அனுப்பினான். ஒப்பந்தத்தின் கடைசிக்கு முந்தைய பக்கம், சின்ன எழுத்து. நார்த்பவுண்ட் என்ற வரி இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் 'விருப்பத்தேர்வு, சேர்க்கப்படவில்லை'.